ஒன்றே முக்கால் இருமா: நாட் வேகத்துக்கு ஒரு செட்டிநாட்டுக் கணக்கு

ஒன்றே முக்கால் இருமா. கப்பல், விமானம், காற்று இவற்றின் வேகத்தைச் சொல்லும் நாட் என்ற அலகைக் கிலோமீட்டராக்க இந்தப் பெருக்கம் ஒன்று போதும்.

மா என்றால் இருபதில் ஒன்று என்பது பழைய கணக்குப் பிள்ளைகளுக்குத் தூக்கத்திலும் தெரியும். இருமா பத்தில் ஒன்று, மும்மா இருபதில் மூன்று. காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. ஒன்றோடு முக்காலும் இருமாவும் சேர்த்தால் 1.85. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். நூறு நாட்டுக்குக் கால் கிலோமீட்டர்கூடப் பிசகாது.

37 நாட் காற்று எத்தனை கிலோமீட்டர்? 37ஐ அப்படியே வை. அதில் முக்கால் 27.75. இருமா 3.7. கூட்டினால் 68.45. கால்குலேட்டர் 68.52 என்று சொல்லும். கைபேசியை எடுத்துத் திறப்பதற்குள் மனக்கணக்கு முடிந்துவிடும்.

பலர் சொல்லித் தருவது 'இரண்டால் பெருக்கிப் பத்து விழுக்காடு கழி' என்பது. அது 1.8தான். நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று குறைகிறது. பத்து நாட்டில் தெரியாது, 120 நாட்டில் ஆறு கிலோமீட்டர் காணாமல் போகும். கழித்த பத்து விழுக்காட்டில் கால்வாசியைத் திரும்பச் சேர்த்தால் 1.85க்கு வந்துவிடலாம். ஆனால் கழித்துப் பிறகு சேர்ப்பதைவிட ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போவதில் தப்பு குறைவு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒன்றே முக்கால் இருமாவுக்கு மேல் ஒரு முந்திரியையும் சேர்த்துப் பாருங்கள்: 1.853125. கிலோமீட்டரில் எடுத்தால் 1853 மீட்டரும் பன்னிரண்டரை சென்டிமீட்டரும். பிரிட்டிஷ் கடற்படை நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்த கடல் மைல் 6080 அடி, அதாவது 1853.184 மீட்டர். வித்தியாசம் ஆறு சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. தற்செயல்தான். முந்திரிக்கும் பிரிட்டிஷ் கடற்படைக்கும் எந்த உறவும் கிடையாது. இருந்தாலும் நினைவில் வைக்க நல்ல கொக்கி: முந்திரி இல்லாமல் சொன்னால் இன்றைய மைலுக்கு நெருக்கம், முந்திரி சேர்த்தால் பழைய இங்கிலீஷ் மைல்.

இன்றைய மைல் 1929இல் மொனாக்கோவில் நடந்த நீர்வரைவியல் மாநாட்டில் 1852 மீட்டர் என்று முடிவானது. பின்னால் தசமம் எதுவும் இல்லை. அமெரிக்கா 1954இல்தான் அதற்கு வந்தது, பிரிட்டன் 1970இல். ஆகவே அதற்கு முந்தைய கடல் வரைபடமோ கப்பல் குறிப்போ கையில் கிடைத்தால் எந்த மைல் என்று ஒரு தடவை யோசிப்பது நல்லது. வேகத்தில் இந்த வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுகூட வராது, தூரத்தில் கூடிக்கொண்டே போகும். எக்செல் வைத்திருப்பவர்களுக்கு இது இன்றைக்கும் பொருந்தும். அதன் கன்வெர்ட் வாய்ப்பாட்டில் 'கே-என்' என்று கொடுத்தால் இன்றைய நாட், 'ஏ-டி-எம்-கே-என்' என்று கொடுத்தால் பழைய பிரிட்டிஷ் நாட். அதே வாய்ப்பாட்டில் 'எம், சாய்கோடு, ஹெச்' என்று போட்டால் வருவது மைல் அல்ல, மணிக்கு இத்தனை மீட்டர். விடை ஆயிரத்து அறுநூறு மடங்கு மாறிப்போகும். அவ்வளவு பெரிய தப்பு ஒருவகையில் நல்லது, கண்ணை உறுத்திவிடும். உறுத்தாத சின்னத் தப்புதான் கணக்கைக் கெடுக்கும்.

கடல் மைல் எங்கிருந்து வந்தது என்றால், அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு கலை. வரைபடத்தின் ஓரத்துக் கோடுகளே அளவுகோல் ஆகிவிடுவதால் கடலிலும் ஆகாயத்திலும் இதை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் பூமி துல்லியமான உருண்டை அல்ல, துருவத்தில் தட்டை. அதனால் அந்த ஒரு கலை நிலநடுக்கோட்டில் சுமார் 1843 மீட்டர், துருவத்தில் 1862 மீட்டர். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரம் வடக்கே 10 பாகையை ஒட்டி இருக்கிறது. இங்கே ஒரு கலை ஏறத்தாழ 1843.5 மீட்டர். வரைபட ஓரத்தில் கவராயத்தை வைத்து அளந்த பத்து மைலுக்கும் ஜிபிஎஸ் காட்டும் பத்து மைலுக்கும் 85 மீட்டர் பிசகு வந்தால் கருவியைத் தட்ட வேண்டாம்.

இனித் திருப்பிப் போடுவோம், கிலோமீட்டரிலிருந்து நாட்டுக்கு. இங்கே பின்னத்தை விட வட்டிக் கணக்கே சுகம். பாதியை எடு, அதோடு அசலுக்கு நூற்றுக்கு நாலு வட்டி சேர். 0.54. உண்மை 0.53996. இதைவிட நெருக்கமான மனக்கணக்கு வேண்டியதில்லை.

வானிலை அறிக்கையில் 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்' சூறைக்காற்று வீசும், மீனவர்கள் போக வேண்டாம் என்று படிப்பார்கள். 45இல் பாதி 22.5, வட்டி 1.8, ஆக 24.3. 55க்கு 29.7. 65க்கு 35.1. மூன்றும் 25, 30, 35 நாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்க்கலாம். தொண்டிப் பக்கம் படகில் இருக்கும் கருவி நாட்டில் காட்டும், வானொலி கிலோமீட்டரில் சொல்லும். படகுக்காரர் கருவியில் 30ஐப் பார்த்துவிட்டு '45 என்றல்லவா சொன்னார்கள், இன்னும் வரவில்லை' என்று இருந்தால், அவர் அறிவிப்பின் மேல் எல்லையிலேயே நின்றுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

புயல் வகைப்பாட்டிலும் ஒரு கேள்வி வரும். வானிலைத் துறை 34 நாட் தொட்டால் புயல் என்று பெயர் வைக்கும். கிலோமீட்டர் கட்டத்தில் 62 என்று போட்டிருக்கும். 34ஐ 1.852ஆல் பெருக்கினால் 63 அல்லவா வருகிறது? 33 வரைக்கும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 34இலிருந்து புயல். இரண்டுக்கும் நட்டநடுவான 33.5ஐப் பெருக்கினால் 62.04. மேல் எல்லையும் அப்படியே: 47.5ஐப் பெருக்கினால் 87.97, கட்டத்தில் 88. முழு எண்ணாக வெட்டிய அளவை மாற்றும்போது வெட்டின இடத்தை மாற்ற வேண்டும், எண்ணை அல்ல. பட்டியல் போடுகிறவர்கள் இதை மறந்தால் ஒரே காற்று ஒரு பத்தியில் புயலாகவும் மறு பத்தியில் தாழ்வு மண்டலமாகவும் நிற்கும்.

தரை மைலுக்கு வருவோம். ஒரு நாட் மணிக்கு 1.15078 தரை மைல். ஒன்றே மும்மா, கிட்டத்தட்ட அச்சு. நூற்றுக்குப் பதினைந்து வட்டி என்றும் வைத்துக்கொள்ளலாம். தடுக்கி விழுவது திரும்பும்போதுதான். 100 நாட் 115 மைல் ஆயிற்று. 115இல் பதினைந்து விழுக்காடு கழித்தால் 97.75தான் வரும், நூறு வராது. வட்டி வேறு, கழிவு வேறு என்று கடையில் உட்காரும் பையனுக்குக்கூடச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேகம் என்று வந்ததும் படித்தவர்களே மறந்துவிடுகிறார்கள். மைலிலிருந்து நாட்டுக்கு நூற்றுக்குப் பதின்மூன்று கழிக்க வேண்டும்.

'மைல்' என்ற சொல்தான் இதில் பெரிய வம்பு. கடற்கரையில் யாரும் 'கடல் மைல்' என்று முழுதாகச் சொல்வதில்லை. 'மூணு மைல் தாண்டி' என்பார்கள், அது கடல் மைல். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது, விசைப்படகுகள் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று இருந்தது. அது 5556 மீட்டர். தரை மைலாக எடுத்துக்கொண்டால் 4828. இடையில் உள்ள 728 மீட்டரில் வலை போட்டால் நாட்டுப்படகுக்காரரோடு சண்டை, மேலே அபராதம்.

செட்டியார்கள் கடல் கடந்து கொண்டு விற்கப் போன காலத்துக் கணக்கு ஒன்றையும் போட்டுப் பார்க்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கடல்வழி ஏறத்தாழ 1260 கடல் மைல். 1926இல் கட்டிய ரஜுலா போன்ற நீராவிக் கப்பல்கள் அந்தத் தடத்தில் ஓடின. கப்பல் 12 நாட் போகிறது என்று வைத்துக்கொண்டால் 105 மணி நேரம், நாலு நாளும் ஒன்பது மணியும். அதே 12ஐத் தரை மைல் என்று எடுத்துக்கொண்டால் வேகம் 10.4 நாட் ஆகிவிடும், 121 மணி வரும். பதினாறு மணி நேரம் முன்பின். பினாங்கில் பெட்டகத்தை இறக்க ஆள் வைத்துக் காத்திருக்கிறவருக்கு அது ஒரு முழுநாள் கூலி.

'மணிக்கு 40 நாட் வேகம்' என்று செய்தித்தாளில் வருவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். நாட் என்ற சொல்லுக்குள்ளேயே மணி அடங்கியிருக்கிறது. 'மணிக்கு நாட்' என்று சொன்னால் அது வேகமே அல்ல, முடுக்கம். 40 நாட், அவ்வளவுதான்.

நொடிக்கு மீட்டர் கணக்குக்குப் பெரிய வித்தை தேவையில்லை. நாட்டில் பாதியோடு அசலுக்கு நூற்றுக்கு ஒன்றரை சேர்த்தால் மீட்டர். மீட்டரை இரட்டித்து அசலுக்கு நூற்றுக்கு ஆறு கழித்தால் நாட். இது காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகள் ட்ரோன் கட்டும் மேசைகளில்தான் அதிகம் தேவைப்படும். அங்கே நடக்கிற தப்புக்கு ஒரு வாடிக்கை உண்டு. ஜிபிஎஸ் சில்லு அனுப்பும் என்எம்இஏ என்ற பொது வடிவ வரிகளில் ஆர்எம்சி என்ற வரி வேகத்தை நாட்டில் மட்டும் தரும். விடிஜி என்ற வரி நாட்டிலும் கிலோமீட்டரிலும் இரண்டையும் தரும், பக்கத்தில் 'என்', 'கே' என்ற எழுத்து நிற்கும். யூபிளாக்ஸ் நிறுவனத்துச் சில்லின் சொந்த வடிவத்தில் நொடிக்கு மில்லிமீட்டர். பறக்கவைக்கும் மென்பொருள் உள்ளுக்குள் நொடிக்கு மீட்டரில் கணக்குப் போடும். ஆர்எம்சியிலிருந்து 10 என்று வந்ததைக் கிலோமீட்டர் என்று நினைத்து 3.6ஆல் வகுத்தால் 2.8 மீட்டர். உண்மையில் அது 5.1 மீட்டர். மெதுவாகப் போகிறது என்று நம்பி நிறுத்தும் தூரத்தைக் கணக்கிட்டால் ட்ரோன் தென்னை மரத்தில் போய் நிற்கும். சரிபார்க்க எளிய வழி: பைக்கில் ஜிபிஎஸ்ஸைக் கட்டிக்கொண்டு மணிக்கு 37 கிலோமீட்டரில் ஓட்டுங்கள். திரையில் 20 தெரிந்தால் நாட், 10 தெரிந்தால் மீட்டர், 37 தெரிந்தால் கிலோமீட்டர், 23 தெரிந்தால் தரை மைல். நாலும் நன்றாக விலகி நிற்கும் எண்கள், குழப்பமே வராது.

விமானத்துக்கு வந்தால் அலகை மாற்றுவது எளிது. எந்த வேகத்தை மாற்றுகிறோம் என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். விமானியின் முன்னால் உள்ள முள் காட்டுவது காற்றழுத்தத்தை. உயரத்தில் காற்று லேசாக இருப்பதால் முள் குறைத்துக் காட்டும். திட்டமான வெப்பநிலையில் 10,000 அடியில் முள் 120 நாட் என்றால் காற்றை ஒப்பிட்டு உண்மையான வேகம் 140 நாட். ஆயிரம் அடிக்கு இரண்டு விழுக்காடு சேர் என்று விமானிகள் வைத்திருக்கும் கைக்கணக்கு 144 தரும், கொஞ்சம் தாராளம். அதன்மேல் எதிர்க்காற்று 25 நாட் இருந்தால் தரைமேல் வேகம் 115. மூன்றுமே நாட், மூன்றும் வேறு. 115ஐ 213 கிலோமீட்டர் என்று மாற்றி 'விமானத்தின் வேகம்' என்று எழுதினால் அலகு சரி, பொருள் தப்பு.

ஒலியின் வேகத்தில் எத்தனை மடங்கு என்று சொல்லும் மாக் எண் இன்னும் வழுக்கும். 'மாக் ஒன்று என்றால் 1225 கிலோமீட்டர்' என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். அது கடல்மட்டத்தில், 15 பாகை செல்சியஸில். 36,000 அடிக்கு மேல் வெப்பநிலை கழித்தல் 56.5. அங்கே ஒலியின் வேகம் 573.6 நாட், 1062 கிலோமீட்டர்தான். வாய்ப்பாடு வேண்டுமென்றால், கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தை 38.967ஆல் பெருக்கினால் நாட்டில் ஒலியின் வேகம். மாக் 0.78இல் போகும் விமானம் அந்த உயரத்தில் 447 நாட், 829 கிலோமீட்டர். 1225ஐ வைத்துப் பெருக்கினால் 955 என்று வரும். இல்லாத 126 கிலோமீட்டரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இறங்குவதற்கான கணக்கு ஒன்று அழகானது. ஒரு நாட் நிமிடத்துக்கு 101.27 அடி, கிட்டத்தட்ட நூறு. மூன்று பாகைச் சரிவில் இறங்க வேண்டுமானால் தரைமேல் வேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று வந்துவிடும். 120 நாட்டுக்கு 600, துல்லியமாகப் போட்டால் 637. இந்தச் சூத்திரம் நாட்டுக்கு மட்டும் பிறந்தது. அதே வேகத்தை 222 கிலோமீட்டர் என்று போட்டு ஐந்தால் பெருக்கினால் 1110 அடி. ஏறக்குறைய இரட்டை. கைக்கணக்கு எதுவானாலும் அது எந்த அலகுக்குச் செய்தது என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்.

மதுரை, திருச்சி விமான நிலையங்களின் வானிலைக் குறிப்பில் காற்று ஐந்து இலக்கமாக வரும். 24015 என்றிருந்தால் 240 பாகையிலிருந்து 15, பின்னால் 'கே-டி' இருந்தால் நாட். 'ஜி' போட்டு இன்னொரு எண் இருந்தால் அது வன்வீச்சு, திடீரென எகிறும் காற்று. 00000 என்றால் காற்றே இல்லை. ரஷ்யா, சீனா பக்கத்துக் குறிப்புகளில் கடைசியில் 'எம்-பி-எஸ்' நிற்கும், நொடிக்கு மீட்டர். அங்கே 15 என்பது 29 நாட். கடைசி எழுத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படிப்பது காசோலையில் தொகையைப் பார்த்துவிட்டுப் பெயரைப் பார்க்காத மாதிரி.

காற்றில் இன்னொரு மறைவான சிக்கல், எத்தனை நேரச் சராசரி என்பது. இந்திய வானிலைத் துறை புயலுக்கு மூன்று நிமிடச் சராசரியைச் சொல்கிறது, அமெரிக்கர்கள் ஒரு நிமிடம். விமான நிலைய வானிலைக் குறிப்பு பத்து நிமிடச் சராசரி, இறங்கும் விமானத்துக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் வாயால் சொல்வது இரண்டு நிமிடச் சராசரி. ஒரே புயலுக்கு இரண்டு இடத்தில் இரண்டு நாட் எண் வந்தால் யாரும் கணக்கில் தப்புச் செய்ததாக அர்த்தம் இல்லை. மாடியில் சோலார் தகடு போடுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். புயல் 130 கிலோமீட்டர் என்று செய்தியில் பார்த்துவிட்டு 3.6ஆல் வகுத்து நொடிக்கு 36 மீட்டர் என்று தாங்கியை வடிவமைக்கக் கூடாது. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியில் உள்ள அடிப்படைக் காற்று வேகம் மூன்று நொடி வீச்சுக்கானது. வீச்சு எப்போதும் சராசரியை விட அதிகம். அதோடு காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நாட்டையும் தரை மைலையும் குழப்பினால் வேகத்தில் 15 விழுக்காடு தப்பு, விசையில் 32. நாட்டையும் கிலோமீட்டரையும் குழப்பினால் விசை மூன்றரை மடங்குக்குக் கிட்டே மாறும். ஆடிக்காற்றில் அம்மி பறப்பதற்கு முன் தகடு பறக்கும்.

முழு எண்ணாக்குவதைக் கடைசியில் ஒரே ஒரு தடவை செய்ய வேண்டும். நாட்டை மைலாக்கி, முழுசாக்கி, பிறகு கிலோமீட்டராக்கி, மறுபடி முழுசாக்கினால் ஐந்தொகை சரிவராது. எந்தப் பக்கம் முழுசாக்குவது என்பதும் முக்கியம். பள்ளிக்கூடத்தில் சொன்ன 'அரைக்கு மேல் போனால் கூட்டு' இங்கே உதவாது. சிறு விமானம் தூக்குவிசை இழக்கும் வேகம் 43 நாட் என்றால் அது 79.6 கிலோமீட்டர், 80 என்று எழுது. 42 நாட் என்றால் 77.8, அதுவும் மேலே 78. 45 நாட் 83.3, அங்கேயும் 83 அல்ல, 84. தாண்டவே கூடாத உச்ச வேகம் 127 நாட் என்றால் 235.2, அதை 235 என்று கீழே வெட்டு. 128 நாட் 237.06, 237. 126 நாட் 233.35, 233. 125.8 வந்து 232.98 ஆனாலும் 232தான், 233 அல்ல. கொடுக்க வேண்டியதில் கூட்டி வை, வர வேண்டியதில் குறைத்து வை என்ற பேரேட்டுப் புத்திதான் இதுவும்.

நாட் என்றால் முடிச்சு, அந்தப் பெயரே கயிற்றிலிருந்து வந்தது. கயிற்றில் கட்டிய பலகையைத் தண்ணீரில் போட்டு, குறித்த நொடிக்குள் படகிலிருந்து ஓடும் முடிச்சுகளை எண்ணினால் அதுவே நாட். அந்தக் கயிற்றை இன்றைக்கும் கட்டிப் பார்க்கலாம், ஜிபிஎஸ் நின்றுபோனால் படகில் உதவும். 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் 15 சென்டிமீட்டர் ஆரமுள்ள கால்வட்டம் வெட்டுங்கள். வளைந்த ஓரத்தில் ஈயத் துண்டு பதியுங்கள், பலகை தண்ணீரில் நிமிர்ந்து நிற்க வேண்டும். மூன்று முனையிலும் துளையிட்டு மூன்று கயிறு கட்டி ஒன்றாகச் சேருங்கள். மூன்றில் ஒன்றை மட்டும் மர ஆணியில் மாட்டி வைத்தால், அளந்து முடித்துச் சுண்டி இழுக்கும்போது ஆணி கழன்று பலகை படுத்துக்கொள்ளும், இழுக்க லேசு. பழைய கப்பல்களில் 28 நொடி மணற்கடிகாரத்துக்கு 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, அதாவது 14.4 மீட்டர். சின்னப் படகுக்கு அது நீளம் அதிகம். 14 நொடியும் 7.2 மீட்டர் இடைவெளியும் வைத்தால் ஆறு நாட்டுக்கு 43 மீட்டர் கயிறு போதும். பலகைக்கும் முதல் முடிச்சுக்கும் நடுவே பத்து மீட்டர் வெறுங்கயிறு விட வேண்டும், படகின் பின்னலையைத் தாண்டிப் பலகை அமைதியான தண்ணீரில் நின்ற பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். முடிச்சுகளைக் கயிறு நனைந்த பிறகு அளந்து போடுங்கள். காய்ந்த கயிற்றில் போட்டால் நனைந்ததும் நீளம் மாறி எல்லா அளவும் ஒரே பக்கமாகப் பிசகும். கயிறு உருளையில் சிக்கினால் பலகையை இழுத்துக்கொண்டு வரும், வேகம் குறைவாகத் தெரியும். 14 நொடியில் ஒரு நொடி தவறினால் ஏழு விழுக்காடு, அதனால் ஒருவர் கயிறு விட, இன்னொருவர் நேரம் பார்க்க வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் கயிறு 6.2 என்று சொல்லி, கைபேசி 7.1 என்று சொல்லலாம். கயிறு அளப்பது தண்ணீரை ஒப்பிட்ட வேகம், ஜிபிஎஸ் அளப்பது தரையை ஒப்பிட்டு. இயந்திரத்தின் வேகத்தை மாற்றாமல் படகைத் திருப்பி அதே கோட்டில் எதிர்த்திசையில் விடுங்கள். கயிறு மறுபடி 6.2 காட்டி, கைபேசி 5.3க்கு இறங்கினால், 7.1க்கும் 5.3க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, 0.9 நாட். அந்தக் கோட்டில் அந்த நேரத்து நீரோட்டம் அது.